இடப்பக்கத்து ஆள்

சாமியிடம் கேட்கத் தெரியாதவள் என்று கலாவதியை யாரும் சொல்லிவிட முடியாது. பிள்ளையார்பாளையத்தில் அவள் அளவுக்கு வேண்டுதல் வைத்தவளை நாலு தெரு சுற்றினாலும் பார்க்க முடியாது. மகள் கீர்த்திக்கு ஏழு வயதில் மூளைக்காய்ச்சல் வந்து பிழைத்தபோது, கார்த்திகைக் கடைஞாயிறில் மண்சட்டியில் மாவிளக்கு ஏற்றித் தலையில் சுமந்துகொண்டு கச்சபேஸ்வரர் கோயிலைச் சுற்றி வந்தவள் அவள். புருஷனுக்குக் காமாலை வந்தபோது திருத்தணிக்குப் போய் முடி கொடுத்தாள். நீ இதைக் கொடு, நான் அதைச் செய்கிறேன் என்று முகத்துக்கு நேராகப் பேசித்தான் அவளுக்குப் பழக்கம்.

அப்படிப்பட்டவள் ஐம்பத்திரண்டு வயதில் ஒரு கைப்பேசியைச் சுவரில் சாய்த்து நிறுத்தி, அதற்கு எதிரே ஊதுவத்தி கொளுத்தி வைத்துக்கொண்டு, ஒண்ணாங்கிளாஸ் பிள்ளை மாதிரி வரி வரியாகப் பாடம் சொல்கிறாள் என்றால் பார்க்கிறவர்கள் சிரிக்கத்தான் செய்வார்கள். சிரித்துவிட்டுப் போகட்டும். அவளுக்கு நடந்தது அவர்களுக்கு நடக்கவில்லை.

அந்தக் கைப்பேசியில் பேச முடியாது. கண்ணாடி உடைந்து, சிம் எடுத்து, நாலு வருஷமாகப் பீரோவில் புடவைகளுக்கு நடுவில் கிடக்கிறது. வெள்ளிக்கிழமை தோறும் எடுத்துச் சார்ஜ் போடுவாள். அது செத்துவிடக்கூடாது. உள்ளே கீர்த்தியின் குரல் இருக்கிறது.

கீர்த்தியை எடுத்துக்கொண்டது கொரோனா. இரண்டாவது அலையில், வார்டுக்குள் யாரையும் விடாத நாட்களில், கைக்குழந்தையை வீட்டில் விட்டுவிட்டு ஒன்பது நாள் கிடந்தாள். கடைசிக்கு முந்தின நாள் மத்தியானம் அம்மாவுக்கு வாட்ஸப்பில் எட்டு செய்திகள் அனுப்பினாள். எல்லாம் குரல்தான், டைப் அடிக்கக் கையில் தெம்பு இல்லை. கலாவதி முதலாவதைப் போட்டாள்.

"அம்மா, நான் ஒவ்வொரு வரியா சொல்றேன். நீ பின்னாடியே சொல்லு. எங்க ஜெபம்மா. அங்க நீ சொன்னா இங்க எனக்குக் கொஞ்சம் மூச்சு வர்ற மாதிரி இருக்குது. ம்."

தறியில் உட்கார்ந்திருந்த புருஷன் திருஞானசம்பந்தம் தலையை நிமிர்த்தாமல் "நிறுத்து" என்றார். நிறுத்தினாள். இந்த ஆள் குளிக்கப் போகும்போது கேட்டுக்கொள்ளலாம் என்று நினைத்தாள். குளிக்கப் போகும்போது தண்ணீர் லாரி வந்தது. சாயங்காலம் அக்கம்பக்கத்திலிருந்து மாவு அரைத்துப் போக வந்தார்கள். மறுநாள் விடிந்து ஒன்பது மணிக்குத் தகவல் வந்துவிட்டது. பெற்ற மகள் மூச்சுக்குக் கேட்ட ஒன்றை, மாவு அரைக்கிறேன் என்று தள்ளிப்போட்டவள் நான் என்று கலாவதி எத்தனையோ முறை தன்னையே வாயில் அடித்துக்கொண்டிருக்கிறாள். அது அடங்கவில்லை. குழம்பு கொதிக்கும்போதும், வாசலுக்குத் தண்ணீர் தெளிக்கும்போதும், பின்னாலிருந்து "ம்" என்று ஒரு குரல் கேட்கும். திரும்பினால் யாரும் இருக்க மாட்டார்கள்.

அந்த "ம்" யாருடையது என்று சொன்னால்தான் மற்றது விளங்கும்.

கரையைத் தனி நிறத்தில் கோத்து நெய்கிற கோர்வைப் புடவைக்கு, ஊடு நூலை ஓட்டும் நாடா மூன்று. உடம்புக்கு ஒன்று, வலக்கரைக்கு ஒன்று, இடக்கரைக்கு ஒன்று. நெய்கிறவர் இரண்டை ஓட்டுவார், மூன்றாவதைப் போட இடப்பக்கம் ஓர் ஆள் உட்கார வேண்டும். பத்து வயதிலிருந்து அந்த இடப்பக்கத்து ஆள் கீர்த்திதான். பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் உட்காருவாள், காலேஜ் போன காலத்திலும் லீவு நாளில் உட்காருவாள். அப்பன் அதிகம் பேசுகிறவரில்லை. தன் நாடா ஓடியதும் "ம்" என்பார். அவள் இடக்கரை நாடாவைப் போட்டுவிட்டு "ஆச்சு" என்பாள். ம், ஆச்சு. ம், ஆச்சு. அடுப்படியில் இருக்கிற கலாவதிக்கு இவர்கள் இரண்டு பேரும் நாள் முழுக்கப் பேசிக்கொண்டே இருக்கிற மாதிரி இருக்கும்.

அந்தத் தறியில்தான் அது முறிந்தது. ஐயம்பேட்டையில் ஷேர் ஆட்டோ ஓட்டுகிற யேசுதாஸின் மகனைக் கட்டிக்கொள்கிறேன், அவங்க கோயிலில்தான் கல்யாணம் என்று கீர்த்தி சொன்னபோது அவள் கையில் நாடா இருந்தது. திருஞானசம்பந்தம் சத்தம் போடவில்லை, அடிக்கவில்லை. "உன் இஷ்டம் போல ஆவட்டும். எப்படியோ போ" என்றார். அதற்கப்புறம் மகளிடம் அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. பேத்தி பிறந்ததற்கும் போகவில்லை. மனுஷனுக்கு அப்படி ஒரு வைராக்கியம், அதை வைத்துக்கொண்டு என்ன செய்தார் என்று கேட்டால் அவருக்கே தெரியாது.

கீர்த்தி போன மறு வருஷம் அவருக்குக் கிட்னி இரண்டும் சுருங்கிப்போயிருப்பதாகச் சொன்னார்கள். திங்கள், வியாழன் இரண்டு நாளும் ஆஸ்பத்திரியில் நாலு மணி நேரம் மெஷினில் ரத்தம் சுத்தம் செய்ய வேண்டும். ஊசி குத்த வாகாக இடது முழங்கைக்குக் கீழே இரண்டு நரம்பைச் சேர்த்துத் தைத்துவிட்டார்கள். அந்தக் கையால் எடை தூக்கக்கூடாது, தறிப் பலகையை அடிக்கக்கூடாது. தறி நின்றது. கலாவதி பக்கத்துத் தறிகளின் நாடாவுக்கு ராட்டினத்தில் நூல்தார் சுற்றிக் கொடுத்து வீட்டை ஓட்டினாள். நாளைக்கு ஒரு சொம்புத் தண்ணீர்தான் அவருக்கு, அதில் காபியும் ரசமும் அடக்கம். இளநீர் கூடாது, வாழைப்பழம் கூடாது. காய்களை நறுக்கி இரண்டு தண்ணீரில் வேகவைத்து வடித்துக் கொட்டிவிட்டுப் போட வேண்டும். சக்கையைத் தின்கிற மாதிரி இருக்கிறது என்பார். சக்கைதான் அது.

நரம்பைத் தைத்த இடத்தில் காதை வைத்தால் உள்ளே ரத்தம் ஓடுவது கொர்ரென்று கேட்கும். இந்தச் சத்தம் இருக்கிற வரைக்கும் நல்லது என்று டாக்டர் சொல்லியிருந்தார். திருஞானசம்பந்தத்துக்கு அது வேறு மாதிரி கேட்டது.

"கையில தறி ஓடுதுடி" என்றார் ஒருநாள்.

"ரத்தங்க அது."

"எந்த ரத்தம் இப்படி ஓடும். எடக்கையில பாரு. நிக்கவே மாட்டேங்குது. எதிர்ல யாரு போடறாங்கன்னு தெரியல."

மாசியில் அந்தக் கை வீங்கிக் காய்ச்சல் கண்டபோது கலாவதி தனக்குத் தெரிந்த சாமிக்கெல்லாம் காசு முடிந்து வைத்தாள். அப்புறம் ஒரு மத்தியானம், அவர் கண் அசந்திருந்தபோது, உடைந்த கைப்பேசியை எடுத்து இரண்டாவது செய்தியைப் போட்டாள். மகள் கேட்டுவிட்டுப் போனதை முதலில் முடித்துக் கொடுத்துவிட்டு அப்புறம் புருஷனுக்குக் கேட்போம் என்று நினைத்தாள்.

எப்படி உட்காருவது, எந்தத் திக்கு பார்ப்பது, எதுவும் தெரியாது. படம் இல்லை, விளக்கு இல்லை, தட்டில் போட ஒன்றும் இல்லை. ஊதுவத்தி அவளாகக் கொளுத்தியது. கீர்த்தியின் குரல் மூச்சு வாங்கியபடி பரமண்டலத்திலிருக்கிற எங்கள் பிதாவே என்று கூப்பிட்டுவிட்டு, "ம்" என்று நிற்கும். அப்பனுடைய அதே "ம்". கலாவதி சொல்வாள். அடுத்த செய்தியில் உம்முடைய நாமம் பரிசுத்தப்படுவதாக, "ம்". அடுத்து ராஜ்யம் வருவதாக, "ம்". அடுத்து ஆகாரம். அடுத்து மன்னிப்பு. அடுத்து தீமையிலிருந்து காப்பாற்று. ஏழாவது ஆமென். ஏழு வரியையும் தறிக்கு மேலே தொங்கும் ஜக்காடு அட்டையைக் கோத்த மாதிரி வரிசையாகக் கோத்து மனசில் மாட்டிக்கொண்டாள். பரமண்டலம் மட்டும் வாயில் நிற்காமல் பெருமண்டலம், பெருமண்டலம் என்று வழுக்கியது. ஆமென்னுக்கு அர்த்தம் தெரியாமல், "ஆச்சு" மாதிரி ஏதோ ஒன்று என்று வைத்துக்கொண்டாள்.

இரண்டு மாதம் இப்படிப் போனது. அவர் தூங்குகிறார் என்றுதான் அவள் நினைத்துக்கொண்டிருந்தாள்.

கத்திரி வெயில் பிறந்த வாரம், திங்கட்கிழமை காலையில் ஆஸ்பத்திரிக்குப் போக ஆட்டோ வாசலில் வந்து நின்றது.

"வரல" என்றார்.

"ஒடம்பு முடியலியா?"

"முடியுது. இஷ்டம் இல்ல. போவச் சொல்லு."

கெஞ்சினாள், திட்டினாள், சட்டையை எடுத்துக் கையில் திணித்தாள். சுவர் மாதிரி உட்கார்ந்திருந்தார். பதினொரு மணிக்கு வார்டு சிஸ்டர் கலைவாணி போன் செய்தாள்.

"பேஷண்ட் வர இஷ்டம் இல்லேன்னு எழுதி வெச்சுக்கறேன்மா. ஆனா வியாழக்கிழமை எப்படியாச்சும் இட்டுக்கினு வந்துருங்க. ரெண்டு வாட்டி வுட்டா நெஞ்சுல தண்ணி ஏறிடும். அப்புறம் எங்க கையில ஒண்ணும் இல்ல."

வியாழக்கிழமையும் போகவில்லை. வெள்ளிக்கிழமை பாதம் வீங்கியது. கட்டைவிரலால் அழுத்தினால் குழி அப்படியே நின்றது. சனிக்கிழமை படுக்க முடியாமல் தறியோரம் நாற்காலியில் உட்கார்ந்தபடியே கண்ணை மூடினார். கலாவதி கூடத்தில் தார் சுற்றிக்கொண்டிருந்தாள். ராட்டினம் நிற்கிற நேரம் பார்த்து அவர் வாயிலிருந்து "ம்" என்று வந்தது. கொஞ்சம் பொறுத்து மறுபடியும் "ம்". கண் மூடித்தான் இருந்தது. இடப்பக்கம் முகத்தைத் திருப்பி, காது கொடுத்துக் காத்திருந்தார். கலாவதிக்குப் பதில் வந்துவிடுமோ என்றும் பயமாக இருந்தது, வராமலே போய்விடுமோ என்றும் பயமாக இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை பக்கத்து வீட்டுக்காரியைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு, பதினொரு மணி வெயிலில் ஐயம்பேட்டைக்குப் போனாள்.

யேசுதாஸ் அப்போதுதான் கோயிலிலிருந்து வந்து, வெள்ளைச் சட்டையைக் கழற்றி மாட்டிவிட்டு அடுப்படியில் நின்றிருந்தார். பெண்சாதி போய் ஆறு வருஷம். மகன் கம்பெனியில் ஷிப்டு பார்க்க, ஐந்து வயதுப் பேத்தி ஜெயப்ரியாவுக்குத் தலை வாருவதிலிருந்து சோறு ஊட்டுவது வரை இவர்தான். ஊரில் அவருக்கு வாய்க்கொழுப்பு என்று பேர். இல்லாவிட்டால் ஷேர் ஆட்டோ ஓட்ட முடியாது.

"வாங்க சம்பந்தியம்மா. இன்னிக்கு மீன் இல்ல, பயப்படாதீங்க. பருப்பும் ரசமும்தான்."

"சாப்புட வரலண்ணா."

"தெரியுது, மொகம் சொல்லுது. ஆனா சாப்புடாம பேசுனா பேச்சு நிக்காது. ஒக்காருங்க."

உட்கார்ந்தாள். நடந்ததைச் சொன்னாள். அவர் கரண்டியைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார்.

"ரெண்டு வாட்டியா வுட்டாரு. தப்பாச்சேம்மா."

"நீங்க வந்து ஒரு வார்த்த சொல்லுங்கண்ணா."

"எங்க. பேருலயே சம்பந்தம் வெச்சிருக்கறாரு, எங்கிட்ட மட்டும் சம்பந்தம் இல்லேன்றாரு. நான் வந்து நின்னா இன்னும் முறுக்கிக்குவாரு." கொஞ்ச நேரம் தாடையைத் தேய்த்தார். "ஒண்ணு செய்யறேன். நாளைக்குக் காத்தால வண்டிய எடுத்துக்கினு வந்து வாசல்ல நிக்கறேன். பேச மாட்டேன். ஏறுனா ஏறட்டும்."

கலாவதி தலையாட்டினாள். பிறகு வெட்கப்பட்டுக்கொண்டே கேட்டாள். "அண்ணா, உங்க சாமிக்கு இன்னா வேண்டிக்கறது? முடியா, பால்குடமா? ரெண்டு மாசமா சொல்லிக்கினு இருக்கறேன், ஆனா இன்னா செய்யறேன்னு சொல்லவே இல்லியே. சும்மா கேட்டா எப்படிக் குடுக்கும்?"

யேசுதாஸ் சிரிக்கவில்லை. "சும்மாதாம்மா கேக்கணும். அதான் கஷ்டம்" என்றார்.

மூன்று தட்டு வைத்தார். ஜெயப்ரியா கண்ணை இறுக மூடிக்கொண்டு, கையைக் கூப்பி, சத்தமாக ஜெபத்தைத் தொடங்கினாள். சோற்றுக்கு முன்னால் இதைச் சொல்வது அந்த வீட்டு வழக்கம். கலாவதியும் கண்ணை மூடிக்கொண்டாள். தெரிந்த பாடம் வந்ததில் அவளுக்கு ஒரு பெருமை. பிதாவே, நாமம், ராஜ்யம், இருவரும் ஒன்றாகச் சொல்லிக்கொண்டு போனார்கள். கலாவதி ஆகாரத்துக்கு வந்தாள். குழந்தை வேறு எங்கோ போனாள். இரண்டு குரலும் முட்டிக்கொண்டு நின்றன.

ஜெயப்ரியா ஒரு கண்ணைத் திறந்தாள். "ஆயா, நீ ஒண்ணு வுட்டுட்ட."

"இல்லடி தங்கம். உங்கம்மா சொல்லிக் குடுத்தது. எனக்கு மனப்பாடம்."

"வுட்டுட்ட. சித்தம் வுட்டுட்ட."

"தாத்தா சொல்றேன், நீ சாப்புடு" என்று யேசுதாஸ் குழந்தையின் தட்டில் பருப்பை ஊற்றினார். "சம்பந்தியம்மா, நடுவுல ஒரு வரி இருக்குது. உங்களுக்குத் தெரியாதா?"

"அவ அனுப்பினதுல இல்லியேண்ணா. ஏழுதான் இருக்குது. வேணும்னா கேட்டுப் பாருங்க." பையிலிருந்து கைப்பேசியை எடுத்து வைத்தாள். இந்த இரண்டு மாதமாக அவள் போகிற இடமெல்லாம் அது கூடவே வந்தது.

மருமகளின் குரல் கேட்டதும் யேசுதாஸ் கையை உதறிக்கொண்டு எழுந்து, வாசல்படியில் போய் நின்று கேட்டார். ராஜ்யம், ம். ஆகாரம், ம். திரும்பி வந்தபோது கண் சிவந்திருந்தது.

"வார்டுல இருந்தப்ப தெனம் சாயங்காலம் போன்ல நானும் அவளும் ஜெபம் பண்ணுவோம்மா. அந்த வரி வர்றப்ப அவளுக்கு இருமல் வந்துரும். நான் மட்டும் சொல்லி முடிப்பேன். சீக்குதான, இருமல்னுதான் நெனச்சேன். ஒம்பது நாளும் அந்த எடத்துலயேதான் இருமுனா."

"இன்னா வரிண்ணா அது?"

"உம்முடைய சித்தம் செய்யப்படுவதாகன்னு சொல்றது. சித்தம்னா இஷ்டம். உன் இஷ்டம் போல ஆவட்டும் சாமின்னு."

கலாவதியின் கை தட்டிலேயே நின்றுவிட்டது. "அது கை கழுவுற பேச்சாச்சே" என்றாள்.

"உங்க வூட்ல அப்படி. எங்களுக்கு அது கையப் புடிச்சுக்கற பேச்சு." பிறகு குரலை இறக்கிச் சொன்னார். "பெருசா சொல்லிட்டேன். கீர்த்தி போனப்புறம் ஒரு வருஷம் நானே அந்த வரி வந்தா வாய மூடிக்குவேன். கோயில்ல பக்கத்துல நிக்கறவனுக்குக்கூடத் தெரியாது."

கலாவதி அந்த வரியைக் குழந்தையிடம் இரண்டு முறை சொல்லச் சொல்லிக் கேட்டாள். திருப்பிச் சொல்ல வாய் வரவில்லை. புருஷன் வீங்கிய காலோடு நாற்காலியில் உட்கார்ந்திருக்கும்போது, உன் இஷ்டம் என்று எந்தச் சாமியிடம் சொல்ல முடியும்? எடுத்துக்கொண்டு போ என்று கொடுக்கிற மாதிரி இருந்தது அவளுக்கு.

திரும்பும்போது ஷேர் ஆட்டோவில் அனல் முகத்தில் அடித்தது. வழியெல்லாம் அவளுக்கு ஒன்றுதான் ஓடிக்கொண்டிருந்தது. கீர்த்தியும் அதனால்தான் விட்டாள். சின்னப் பெண், எடுத்துக்கொண்டுவிடுவாரோ என்று பயந்து, அந்த இடத்தைத் தாண்டிக் குதித்திருக்கிறாள். தன் பயமும் மகள் பயமும் ஒன்றே என்று தெரிந்தபோது கலாவதி முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அழுதாள். பக்கத்தில் இருந்த பெண் தள்ளி உட்கார்ந்தாள்.

வீட்டில் அவர் அதே நாற்காலியில் இருந்தார். பக்கத்தில் சொம்பு கவிழ்ந்து கிடந்தது. மூச்சு இழுக்கும்போது தோள்பட்டை ஏறி இறங்கியது.

"ஐயம்பேட்டைக்குப் போனியா?"

"போனேன். யேசுதாஸண்ணன் காத்தால வண்டியோட வாசல்ல வந்து நிப்பாரு."

"அந்த வரி கெடச்சுதா?"

"எந்த வரி?"

"நடுவுல ஒண்ணு இல்லியே, அது. ரெண்டு மாசமா கேட்டுக்கினுதான இருக்கறேன். நான் தூங்கறேன்னு உனக்கு யாரு சொன்னது."

"உங்களுக்கு அந்த ஜெபம் தெரியுமா?"

"தெரியாது. ஓசை தெரியுது." ஒரு மூச்சு எடுத்துக்கொண்டு சொன்னார். "மொதல்ல கூப்புடறா. அப்புறம் ‘தாக’ன்னு ஒண்ணு வந்து வுழுது. பின்னாடியே ‘தாக’ன்னு இன்னொண்ணு வுழுது. மூணாவது வுழணும். வுழல. சடக்குனு சோத்துக்குப் போயிடறா. ரெண்டு நாடாதான் ஓடுது. எடக்கரை போடல."

அவள் நாற்காலிக்கு அருகில் தரையில் உட்கார்ந்தாள்.

"தப்பி வுட்டுருப்பாளோன்னு மொதல்ல பாத்தேன்" என்றார். "தப்பி வுட்டா அடுத்தது தளர்ந்து வுழும், தடுமாறும். இது இறுக்கமா வுழுது. தெரிஞ்சேதான் வுட்டுருக்கறா. இன்னா வரி அது?"

சொல்லலாமா வேண்டாமா என்று ஒரு கணம் பார்த்தாள். மறைத்து வைத்ததெல்லாம் போதும் என்று தோன்றியது. "உன் இஷ்டம் போல ஆவட்டும்னு" என்றாள்.

அவர் இடது கையை மடியில் வைத்து வலது கையால் மூடிக்கொண்டார். தெருவில் யாரோ நூல் காயப்போட்ட மூங்கிலை இழுத்துப்போகும் சத்தம் கேட்டது.

"அது என் வார்த்த" என்றார். "நான் அவள வெரட்டுன வார்த்த. அதான் அவ வாயில வரல. சாமிக்கிட்ட சொல்லப் போனாலும் எதிர்ல நான் நின்னுருக்கறேன். அதான் கேக்கறேன், ‘ம்’னு. வருவாளா."

கலாவதிக்கு எங்கிருந்து அவ்வளவு கோபம் வந்ததோ தெரியவில்லை. முப்பது வருஷம் நீங்க, வாங்க என்று பேசிய வாய்க்கு அன்றைக்கு அது எல்லாம் மறந்துபோயிற்று.

"நீ பெரிய ஆளு பாரு. சாவப் போற நேரத்துல அவ உன்ன நெனச்சுக்கினு வரிய வுட்டாளாக்கும். வூட்ல கைக்கொழந்த இருந்துச்சு அவளுக்கு. பொழைக்கணும்னு இருந்துச்சு. உன் இஷ்டம்னு சொல்லிட்டா எங்க எடுத்துக்குவாரோன்னு அதத் தாண்டிப் போயி சோறு குடுன்னு கேக்கறா. மூச்சு இல்லாத பொண்ணு, நாளைக்கும் சோறு வேணும்னு கேக்குது. நீ மூச்ச வெச்சுக்கினு வேணாம்னு ஒக்காந்துக்கினு இருக்கற. அவ வந்து ‘ஆச்சு’ன்னு சொல்லணுமா உனக்கு? எந்த மொகத்தோட வருவா?"

சொல்லிவிட்டு அவளே பயந்துபோனாள். அவர் முகத்தில் கோபம் இல்லை. வாய் லேசாகத் திறந்திருந்தது. புதுசாக ஒன்றைக் கேட்டவர் மாதிரி இருந்தார்.

"நீ சொல்றதும் இருக்கும்" என்றார் கடைசியில். "நான் சொல்றதும் இருக்கும். கேக்கறதுக்கு ஆள் இல்ல." பிறகு சுவரைப் பார்த்து, "அத நிறுத்தி வெய்யி" என்றார்.

கைப்பேசியைச் சுவரில் சாய்த்து நிறுத்தினாள். ஊதுவத்திக்குக் கை போனது, அப்புறம் வேண்டாம் என்று விட்டாள். அவர் நாற்காலியை விட்டு இறங்க வேண்டும் என்றார். தாங்கிப் பிடித்து இறக்கினாள். தறிக்கு இடப்பக்கம், கீர்த்தி உட்காருகிற பலகையில் போய் உட்கார்ந்தார். அந்தப் பலகை அவருக்குச் சின்னது. வீங்கிய காலை நீட்டி வைத்துக்கொண்டார்.

"போடு."

போட்டாள். கீர்த்தி கூப்பிட்டாள், ம் என்றாள். பரமண்டலம் அன்றைக்கு வழுக்காமல் கலாவதி சொன்னாள். கீர்த்தி நாமம் என்றாள், ம். கலாவதி சொன்னாள். கீர்த்தி ராஜ்யம் என்றாள், மூச்சு வாங்கினாள், ம். கலாவதி சொல்லிவிட்டு, அடுத்ததை அழுத்தாமல் விரலைத் தூக்கி வைத்துக்கொண்டாள்.

அவர் கைக்குள்ளே ஓடுகிற அந்த ஓசை அவளுக்கும் கேட்கிற மாதிரி இருந்தது. அவர் உதடு இரண்டு தடவை அசைந்தது. அவருக்கு அந்த வரி வேத பாஷையில் தெரியாது. தெரிந்த பாஷையில்தான் வந்தது.

"உன் இஷ்டம் போல ஆவட்டும்" என்றார். அதே வார்த்தை. ஏழு வருஷத்துக்கு முன்னால் இதே பலகையில் இருந்தவளைப் பார்த்துச் சொன்னது. அப்போது இறுகியிருந்த குரல் இப்போது நடுவில் உடைந்து, "உன் இஷ்டம் போலயே ஆவட்டும்மா" என்று மறுபடியும் வந்தது. சாமியிடம் சொன்னாரா, மகளிடம் சொன்னாரா என்று கலாவதிக்குத் தெரியவில்லை. அவள் கேட்கவும் இல்லை.

பிறகு அவர் தலையைக் குனிந்துகொண்டு, "ஆச்சு" என்றார்.

கலாவதி அடுத்ததை அழுத்தினாள். கீர்த்தி சோறு கேட்டாள். இரண்டு பேரும் பின்னாலேயே கேட்டார்கள்.

ஏழும் முடிந்தபோது வெயில் தணிந்து தெருவில் பிள்ளைகள் விளையாட வந்துவிட்டார்கள். அவர் பலகையிலிருந்து எழப் பார்த்து, முடியாமல், அவள் கையைப் பிடித்துக்கொண்டார்.

"இன்னிக்குத் தண்ணி சொம்புக்கு மேல குடிச்சிட்டேன்" என்றார். "காத்தால அந்த யேசுதாஸ் வண்டி எத்தன மணிக்கு வரும்னு கேட்டுச் சொல்லு."